என் விரலைத் தின்ற எலுமிச்சை

வலது ஆள்காட்டி விரலின் நுனி துடித்தது. முதல் அறிகுறி அவ்வளவுதான். ரவிக்கைத் துணி ஒன்றில் கழுத்து வளைவுக்குச் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். விரலுக்குள் யாரோ உட்கார்ந்து கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. தட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் மந்தைவெளியில் லேடீஸ் டெய்லர். எல்லாரும் பாய் என்பார்கள். தையலும் சரி, மாடித் தோட்டமும் சரி, யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்தது கிடையாது. பார்த்தேன், கெடுத்தேன், மறுபடி பார்த்தேன், வந்துவிட்டது. மருத்துவம் மட்டும் அப்படி வராது என்று தெரிந்துகொள்ள ஒரு விரல்நுனியைக் கொடுக்க வேண்டியிருந்தது. கையில் கட்டோடு உட்கார்ந்திருக்கிறவர்கள், முள் குத்தினால் உதறிவிட்டுப் போகிறவர்கள், சர்க்கரை சோதித்துப் பார்க்கப் பயப்படுகிறவர்கள், உங்களுக்காக இதை எழுதுகிறேன். நோயிலிருந்து மீண்டவர்கள் எழுதினால் மனசு அமைதியானது, எல்லாரையும் மன்னித்தேன் என்று முடிப்பார்கள். நான் யாரையும் மன்னிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நோன்புப் பெருநாள் தையல் முடிந்து கை கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம். கோடை தொடங்கும்போது மாடித் தோட்டத்தில் வேலை கூடும். பச்சை நிழல்வலை கட்ட வேண்டும். தொட்டி மண் சூடேறாமல் இருக்கக் காய்ந்த இலையும் தேங்காய் நாரும் பரப்ப வேண்டும். செம்பருத்தியில் பஞ்சுபோல ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும். தளம் கொதிப்பதற்குள் தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கிவிட வேண்டும்.

மாடியின் மூலையில், பாதியாய் வெட்டிய நீல ட்ரம்மில் ஒரு எலுமிச்சை நின்றது. நான் வைத்ததுதான். மணிக்கட்டு பருமனுக்குத் தண்டு, குலைகுலையாய்க் காய். கொடிக்கயிறு வரை கிளையை நீட்டி என் மனைவி ஜுபைதாவின் துப்பட்டாக்களைக் கிழித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு வலையின் கயிற்றை முடிச்சுப் போட அதன் கிளைக்குள் கையை விட்டேன். குத்தியது. முள்ளைப் பிடுங்கிப் போட்டேன். அதன் கூர் முனை முறிந்து உள்ளேயே தங்கிவிட்டதை நான் பார்க்கவில்லை.

இரண்டொரு நாளில் விரல் சிவந்து வீங்கியது. வாசலில் கோலத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அலமேலு மாமி கண்ணில் அது பட்டது. மாமி எங்கள் வீட்டுக்காரம்மா. அவர் இருப்பது கீழ்த்தளம், வாசல் பக்கத்து அறையில் என் கடை, மாடியில் எங்கள் குடித்தனம், அதற்கு மேலே மொட்டை மாடியில் தோட்டம்.

“காட்டுங்கோ பாய். அடடா, நகச்சுத்தின்னா இது!” என்றார்.

“மாமி, முள்ளு குத்தினது.”

“முள்ளா இருந்தா என்ன? எலுமிச்சம்பழத்துல ஓட்டை போட்டு விரலைச் சொருகிண்டு இருங்கோ. எல்லாத்தையும் இழுத்துடும். எங்காத்துல எல்லாருக்கும் அதான். டாக்டர்ட்ட போனேள்னா கத்தியத் தூக்கிண்டு வந்துடுவா.” சொன்னதோடு நிற்கவில்லை. மாடி ஏறிப் போய், “நம்ம மரத்துப் பழமே இருக்கே” என்று ஒன்றைப் பறித்துக் கத்தியால் குடைந்து, தானே என் விரலில் மாட்டிவிட்டார்.

நகச்சுத்திக்கு எலுமிச்சம்பழம் என்பது நம் ஊரில் கேள்வி கேட்காமல் செய்கிற வைத்தியம். நானும் கேட்கவில்லை. குத்திய மரமே மருந்தென்று வந்து விரலில் உட்கார்ந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன்.

மாட்டியதும் சில்லென்று இருந்தது. அதன்பிறகு கழற்றவே இல்லை. ஊசி தள்ளும்போது நாங்கள் விரலில் ஒரு உலோகத் தொப்பி மாட்டுவோம், அங்குஸ்தான் என்போம். கடைக்கு வந்த ஒரு டீச்சரம்மா, “பாய்க்குத் தங்க அங்குஸ்தான் வந்துடுச்சு, இனிமே கூலி ஏத்திடுவாரு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“எடுங்க, ஒரு தடவை பாக்கலாம்” என்று ஜுபைதா கேட்டாள்.

“இழுத்துக்கிட்டு இருக்கு. இப்ப எடுத்தா பாதியில விட்டுடும்.”

இப்படி ஒரு பேச்சை நான்தான் பேசினேன். பழத்துக்குள் விரல் என்ன ஆகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. விரல் கொக்கிபோல் வளைந்து நிமிர மறுத்தபோதும், பழத்துக்கு இடம் கொடுக்கத்தான் வளைந்திருக்கிறது என்று நினைத்தேன். ஒரு மத்தியானம் வெயிலிலும் குளிரெடுத்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கி ஒரு சிவப்புக் கோடு, சாக்கட்டியால் இழுத்த மாதிரி நேராக ஏறியிருந்தது. ஜுபைதா என்னைக் கேட்காமலே பழத்தைப் பிடித்து இழுத்தாள். நாற்றம் அறையை நிறைத்தது. செருப்பை எடுத்து என் காலருகில் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவில் ஒரு பெண் டாக்டர். ஜுபைதா அந்தப் பழத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். டாக்டர் பைக்குள் எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பைக்குள் பார்த்தார்.

“இருட்டு, ஈரம், சூடு. கிருமிக்கு வீடு கட்டிக் குடுத்திருக்கீங்க” என்றார். “நகச்சுத்திக்கே இதை வேண்டாம்னுதான் சொல்வேன். உங்களுக்கு வந்தது நகச்சுத்தியே இல்லை.”

எனக்கு வந்தது டெனோசைனோவைட்டிஸ் (விரலை மடக்கும் தசைநாணைச் சுற்றியிருக்கும் உறையில் சீழ் பிடிப்பது). அந்த உறை விரலிலிருந்து உள்ளங்கைக்குப் போகும் குழாய்போல. முனையில் முள் தங்கினால் குழாய் முழுக்கச் சீழ் ஓடும். அதோடு இரத்தத்தில் சர்க்கரை, எனக்கே தெரியாமல், எக்கச்சக்கமாக இருந்தது. சர்க்கரை கூடினால் கிருமி கொழுக்கும், வலி மட்டும் மந்தமாகும். அதனால்தான் என்னால் அத்தனை நாள் சிரித்துக்கொண்டே தைக்க முடிந்தது.

“நான் டெய்லர் டாக்டர். இந்த விரல்தான் கத்திரிக்கோலுக்கு வழி காட்டுது.”

“விரலைப் பத்தி அப்புறம் பேசலாம் சார். இப்ப நான் கையைக் காப்பாத்தப் பாக்கறேன்.”

டிப்ரைட்மென்ட் (அழுகிய சதையை வெட்டி எடுத்துக் கழுவுவது) ஒரு முறை செய்தார்கள், போதவில்லை, மறுபடி செய்தார்கள். இரண்டாவது முறை மயக்கம் தெளிந்தபோது கட்டு பெரிதாக இருந்தது. அதற்குள் விரல் சிறிதாகியிருந்தது. நகமும் நகத்துக்கு அடியிலிருந்த கணுவும் இல்லை. மற்ற விரல்கள் இருந்தன, ஆனால் மடங்கவில்லை. அவை வேறு யாருடைய விரல்களோபோல என் மார்பின்மேல் கிடந்தன.

வார்டுக்கு அலமேலு மாமி பார்க்க வந்தார். கண் கலங்கினார், அது நிஜம். பிறகு பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். எலுமிச்சம்பழங்கள். “நம்ம மரத்துதுதான். ஜூஸ் போட்டுக் குடுங்கோ ஜுபைதா, தெம்பா இருக்கும்.”

ஜுபைதா அவசரமாகப் பையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். அந்த நிமிஷம் முடிவு செய்தேன். இந்தக் கை திரும்ப வருமோ வராதோ. வந்தால், முதலில் வெட்டுவது துணியை இல்லை. அந்த மரத்தை. வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. என் வலது கைதான் வெட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்து மாடி ஏறினேன். ஜுபைதா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் யாரும் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றவில்லை. வலையின் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது, அன்று நான் முடிச்சுப் போடாமல் விட்ட அதே பக்கம். தக்காளி சருகாகிவிட்டது. புதினா இருந்த தொட்டியில் மண் பிளந்து கிடந்தது. செம்பருத்தியை மாவுப்பூச்சி வெள்ளையடித்திருந்தது. எலுமிச்சை மட்டும் தளதளவென்று, புதுத் துளிர் விட்டு, பூ வைத்து நின்றது. கீழே கொட்டிக் கிடந்த வெள்ளை இதழ்களைக் காலால் தேய்த்துவிட்டு இறங்கினேன்.

பிசியோதெரபி தேசிங்கிடம். நொச்சிக்குப்பத்துக்காரர், கனத்த தோள், வார்த்தைக்கு வார்த்தை கிண்டல். ரப்பர் பந்தைக் கையில் வைத்து அழுத்தச் சொல்வார். அரைகுறையாக மடங்கும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும், நிறுத்திவிடுவேன்.

“இன்னா நைனா, பந்தப் போயி மொறைச்சிக்கினு கீறே? அது இன்னா பண்ணுச்சு உன்ன?”

மரத்தைப் பற்றிச் சொன்னேன். மாமியைப் பற்றியும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“அப்ப பந்த வுடு” என்றார். “ஊட்டுக்குப் போய் அந்த மரத்தாண்ட நில்லு. ஒரு நாளைக்கு எத்தினி முள்ளு கிள்ள முடியுமோ கிள்ளு. கையில தோலு உறை போட்டுக்கோ, காயம் பட்டா டாக்டரம்மா என்னைத் திட்டும். மொதல்ல முள்ளு, அப்பால கிளை, அப்பால மரம். சண்டைன்னு வந்துட்டா ஆயுதத்தத்தானே மொதல்ல புடுங்கணும்?”

அதற்குமுன் எத்தனையோ பேர் பொறுமையாக இருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஒருத்தரும் எனக்கு வேலை கொடுக்கவில்லை. தேசிங்கு கொடுத்தார்.

தினமும் காலையில் தண்ணீர் ஊற்றியதும் மரத்தின் முன் ஸ்டூலைப் போட்டு உட்காருவேன். முதலில் நகவெட்டியால். கட்டைவிரலும் நடுவிரலும் சேர்ந்து அழுத்த வேண்டும், சேராது, நழுவும். நழுவும்போதெல்லாம் மரத்தைக் கெட்ட வார்த்தையில் திட்டுவேன். ஒரு முள் டக்கென்று விழும்போது அந்தச் சத்தம் இருக்கிறதே! பொத்தான் துளைக்குக் காஜா எடுத்து முடித்து நூலை அறுக்கும்போது வருமே, அதைவிட இனிப்பான சத்தம். விழுந்த முட்களை ஊறுகாய் பாட்டில் ஒன்றில் போட்டு வைத்தேன்.

“எதுக்கு இதைச் சேக்கறீங்க?” என்றாள் ஜுபைதா.

“சாட்சி.”

“யாருகிட்ட காட்ட?”

“அதுகிட்டதான்.” பாட்டிலை மரத்தடியிலேயே வைத்தேன், பார்க்கட்டும் என்று.

நகவெட்டியிலிருந்து செடி வெட்டும் கத்தரிக்கு மாறினேன். ஒரு கிளை, அடுத்த கிளை, தையல் பிரிப்பதுபோல் வரிசையாக. பந்தை வைத்து மடங்காத விரல்கள் பழி வாங்க மடங்கின. சர்க்கரைக்கு மாத்திரையும் காலை நடையும் விடாமல் பிடித்துக்கொண்டேன். அதுவும் பக்குவம் வந்து இல்லை. மரத்துக்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். உங்களில் யாருக்காவது கோபம் இருந்தால் அதை வீணாக்காதீர்கள். எனக்கு மருந்துச் சீட்டில் எழுதாத மருந்து அதுதான்.

கத்திரி வெயில் முடிகிற சமயம், மரத்தில் ஒரு முள் இல்லை. அடுத்து தண்டு. ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். மாமி மாடி ஏறி வந்தார். கிளைக்குள் தாராளமாகக் கையை விட்டார், பழம் பழமாகப் பறித்து முந்தானையில் போட்டார்.

“ஏன் பாய், ஒரு முள்ளைக் காணோமே! எவ்ளோ சமத்தா ஆயிடுத்து பாருங்கோ. முன்னெல்லாம் கிட்ட வரவே பயமா இருக்கும்.”

ஒரு கோடை முழுவதும் கண்ணீரும் வியர்வையுமாக நான் செய்த பழிவாங்கல், மாமிக்கு ஊறுகாய் போட வசதி செய்து கொடுத்திருக்கிறது.

“நாளைக்கு இதை வெட்டப்போறேன் மாமி.”

“என்னது? காய்க்கற மரத்தையா? வெட்டப்படாது. மரம் உங்களோடதா இருக்கலாம், மாடி என்னோடது.”

“விரல் என்னோடது மாமி.”

மாமி என் கையைப் பார்த்தார். ஒரு பழம் முந்தானையிலிருந்து நழுவி உருண்டு போயிற்று. அதை எடுக்காமலே இறங்கிப் போனார்.

மறுநாள் விடிந்ததும் ரம்பத்தோடு போனேன். ஜுபைதா பின்னாலேயே வந்தாள்.

“பிடிச்சுக்கட்டுமா?”

“வேணாம், ட்ரம்மு ஆடாது.”

“ட்ரம்மைக் கேக்கல. உங்களைக் கேட்டேன்.”

வேண்டாம் என்றேன். பட்டை லேசாக அறுபட்டது. உள்ளே கட்டை ரம்பத்தைக் கவ்வியது. நிறுத்தினேன், மூச்சு வாங்கினேன், மறுபடி இழுத்தேன். வலி தோள் வரைக்கும் ஏறியது. ஆனால் பிடி நழுவவில்லை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது, பிடி நழுவவில்லை. மரம் சாய்ந்து கொடிக்கயிற்றில் விழுந்து தொங்கியது. மாடி முழுக்க எலுமிச்சை மணம். என் சட்டையில், முகத்தில், வாயில்.

சத்தம் கேட்டு மாமி வந்து படியிலேயே நின்றார். “மனுஷாளுக்கு இவ்ளோ வன்மம் இருக்கப்படாது பாய்” என்றார்.

“இருக்கு மாமி” என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலம் சாப்பிடும்போது, இல்லாத அந்த விரல்நுனியில் சுருக்கென்று குத்தியது. அதே இடம், அதே முள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். மரம் விழுந்தால் அதுவும் விழுந்துவிடும் என்று நம்பியிருந்தேன். டாக்டரிடம் போனபோது, ஃபேண்டம் வலி (எடுத்துவிட்ட உறுப்பு இன்னும் இருப்பதாக மூளை நினைத்து உணரும் வலி) என்றார். குறையலாம், வந்து போய்க்கொண்டும் இருக்கலாம் என்றார். “எங்கே குத்துது?” என்று கேட்டார். விரல் முடிகிற இடத்துக்கு மேலே, வெறும் காற்றில் தொட்டுக் காட்டினேன். அவர் தலையாட்டிக்கொண்டே அந்தக் காற்றைப் பார்த்தார்.

கடை திறந்தேன். பழைய வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள். பாய் கை போயிடுச்சாமே என்று பேச்சு. முதல் துணி கொண்டுவந்தது யார் என்கிறீர்கள்? மாமிதான். ஒரு ரவிக்கைத் துணியை மேசைமேல் வைத்தார். “இதைத் தச்சுக் குடுங்கோ” என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து அன்றும் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. என் கை அந்தத் துணியைக் கோணாமல் வெட்டியது. கத்திரிக்கோலுக்கு இப்போது நடுவிரல் வழி காட்டுகிறது. அக்குள் சுற்றளவில் மட்டும் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், இறுக்கிப் பிடித்தேன்.

“கையைத் தூக்கினா இழுக்கறதே பாய்.”

“தூக்கிப் பறிக்கத்தான் ஒண்ணும் இல்லையே மாமி, அப்புறம் என்ன?”

மாமி என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தாரே பார்க்கணும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். பிரித்துத் தருகிறேன் என்றேன். இன்னும் பிரித்துத் தரவில்லை. அவரும் அதையே போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்வருகிறார்.

முதல் மழை விழுந்தபின் மாடிக்குப் போனேன். தக்காளி விதை போட ட்ரம்மைக் காலி செய்யலாம் என்று எண்ணம். அறுத்த கட்டையின் பக்கவாட்டில் ஆறேழு குருத்துகள் கிளம்பியிருந்தன. ஒவ்வொன்றிலும் முள். முன்பு இருந்ததைவிட நீளம், முன்பு இருந்ததைவிட நெருக்கம். வெட்டுப்பட்ட எலுமிச்சை அப்படித்தான் வருமாம், கோபம் வந்த மாதிரி. எனக்கு அந்தக் கோபம் புரிந்தது. அதை வேரோடு பிடுங்க மண்வெட்டியைக் கூட எடுத்தேன். எடுத்துவிட்டு, வைத்துவிட்டேன். இரக்கப்பட்டு இல்லை. நாளைக்குக் காலையில் இந்தக் கைக்கு வேறு என்ன வேலை வைத்திருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன்.

தடித்த தோலில் எனக்கென்று ஒரு கையுறை தைத்திருக்கிறேன். ஆள்காட்டி விரல் மட்டும் ஒரு கணு குட்டை. அந்த மொட்டை நுனி மற்ற எந்த விரலையும்விட அதிகமாக உணர்கிறது, துணியின் இழைகூடத் தெரிகிறது. புது முள் முதலில் பச்சையாக, தொட்டால் வளைகிற மாதிரி இளசாக இருக்கும். முற்ற வாரக்கணக்கில் ஆகும். முன்பெல்லாம் எனக்குக் காலம் என்றால் பெருநாள் தையல், தீபாவளித் தையல், கல்யாண சீசன். இப்போது ஒரு முள் இளசாயிருந்து முற்றுகிறவரைக்கும் ஒரு காலம்.

காலையில் தண்ணீர் ஊற்றியதும் உறையை மாட்டிக்கொண்டு குட்டை விரலை ஒவ்வொரு முள்ளின் மேலும் வைத்து அழுத்துகிறேன். வளைந்து கொடுத்தால், முற்றட்டும் என்று விட்டுவிடுகிறேன். இன்றைக்கு ஒன்று வளையாமல் உறையின் தோலுக்கு வெளியே நின்று என்னை அழுத்திப் பார்த்தது. வா என்று சொல்லிவிட்டுக் கத்தரியை எடுத்தேன்.